எதிர் வீட்டு அக்காவோடு குற்றாலத்துக்கு

முதல் நாள், இரவு, பொதிகை எக்ஸ்பிரஸ்

எதிர் வீட்டு அக்காவோடு குற்றாலம் போகிறேன் என்று சொன்னதும் என் மகள் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்தக் காலிங் பெல் அக்காவோடயா?" என்றாள்.

அவரோடுதான். குரோம்பேட்டையில் முதல் மாடியில், என் கதவுக்கு நேரே அவர் கதவு. பத்தொன்பது வருஷம். அவருக்கு 74, எனக்கு 67. என் வீட்டுச் சாவி அவரிடம், அவர் வீட்டுச் சாவி என்னிடம். அதனால் நாங்கள் சிநேகிதிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலையில் என் பேப்பரை வாங்கிப் போவார், மதியம் திரும்பி வரும்போது அது வேறு பேப்பர் மாதிரி இருக்கும். விளையாட்டுப் பக்கம் முன்னால், இரங்கல் விளம்பரப் பக்கம் நடுவில் நாலாக மடித்து. அவருடைய செருப்பு ஸ்டாண்ட் நடைபாதையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கதவைத் திறந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை இருக்கிறதே, "நாலு தடவை அடிச்சேன்."

எனக்குக் கேட்டிருக்கும் ஒரு தடவை. என் மகள் வாங்கி மாட்டிய பெல் அது, குருவி கத்துகிற மாதிரி மெல்லிசாகச் சத்தம் வரும். ஒன்றை நாலு என்று ஏற்றிச் சொல்வது அக்காவின் சுபாவம். முட்டி வலியையும் அப்படித்தான் சொல்வார்.

இந்தப் பயணம் எப்படி வந்தது என்றால், அக்காவுக்குச் சொந்த ஊர் தென்காசி பக்கம் கடையம். சாரல் சமயத்தில் ஒரு தடவையாவது குற்றாலம் போக வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெங்களூரில் இருக்கும் மகன் தனியாக அனுப்ப மாட்டேன் என்றான். என்னிடம் வந்து, "ஆன்ட்டி, நீங்க கூடப் போய் அம்மாவைப் பார்த்துக்கோங்க" என்றான். என் மகள் அதே வாரம் அக்காவுக்குப் போன் செய்து, "அம்மாவைப் பார்த்துக்கோங்க ஆன்ட்டி" என்று சொல்லியிருக்கிறாள். ஆக, இந்த ரயிலில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ளப் போகும் இரண்டு காவலர்கள். பார்க்கப்பட வேண்டிய ஆள் யாரும் இல்லை.

தாம்பரத்தில் ஏறினோம். பிளாட்பாரத்து அறிவிப்பு ஒரு அட்சரம் புரியவில்லை. முப்பத்தொன்பது வருஷம் டெலிபோனில் வேலை பார்த்தவள் நான். 180க்கு அடித்து டிரங்க் கால், அதாவது ஆபரேட்டர் இணைத்துத் தரும் வெளியூர் அழைப்பு, பதிவு செய்தவர்களில் சிலர் என் குரலைக் கேட்டிருக்கலாம். தூத்துக்குடி லைனில் கடல் இரைச்சல் மாதிரி ஒன்று ஓடும், அதற்குள்ளிருந்து ஒரு பெயரையும் நம்பரையும் பிரித்து எடுப்போம். இப்போது டிஜிட்டல் என்கிறார்கள், வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது.

டிக்கெட் முழுக் கட்டணம். மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். பெண்களுக்குப் பாதிக் கட்டணமாக இருந்தது. கொரோனா போயிற்று, சலுகை திரும்பவில்லை. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது, ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறேழு. எங்களுக்குக் கிடைத்தது ஒரு கீழ், ஒரு நடு. எதிர்க் கீழ்ப் படுக்கையில் எங்களைவிட வயதான பெரியவர் ஒருவர். மூன்று பேரும் பார்வையாலேயே ஒருவர் முட்டியை ஒருவர் எடை போட்டோம். அக்கா முந்திக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்: "இவங்க சின்னவங்க. ஏறிடுவாங்க."

யாராவது என்னைச் சின்னவள் என்று சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று! அந்த மயக்கத்தில் ஏறிவிட்டேன். இதை நடுப் படுக்கையில் படுத்துக்கொண்டுதான் தட்டுகிறேன். இறங்குவதைப் பற்றிக் காலையில் யோசிக்கலாம்.


இரண்டாம் நாள், குற்றாலம்

சங்கரன்கோவில் தாண்டியதும் யாரோ என் காலைப் பிடித்து ஆட்டினார்கள். அக்காதான்.

"ஏளா, எந்திளா. மலை வந்துட்டு பாரு."

பத்தொன்பது வருஷமாக என்னை 'வாங்க, போங்க' என்று பேசியவர். சென்னையில் ஒரு நாள்கூட இந்த 'ஏளா' வெளியே வந்ததில்லை. கோபித்துக்கொள்வதா என்று யோசிப்பதற்குள் வலது பக்க ஜன்னலில் மலை. பாதிக்கு மேல் மேகம். அதன் கீழே தென்னை, வயல். அக்கா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடையநல்லூர் வந்தபோது, இங்கே தன் சித்தி ஒருத்தி வாழ்க்கைப்பட்டாள், மாமியார் பொல்லாதவள் என்றார். சித்தி இப்போது இருக்கிறாரா என்று கேட்டேன். மாமியார், சித்தி, சித்தியின் மருமகள் எல்லாருமே போய்ச் சேர்ந்துவிட்டார்களாம்.

எதிர்ப் பெரியவர் முகம் வீங்கியிருந்தது. அக்காவின் குறட்டையில் அவருக்கு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லையாம். மேல் படுக்கைப் பையனும் ஆமாம் போட்டான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரயிலில் எனக்கு எப்போதுமே நல்ல தூக்கம்.

தென்காசியில் இறங்கியபோது சாரல். மழை என்று சொல்ல முடியாது, குடை பிடித்தால் சிரிப்பார்கள். ஆனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குற்றாலத்துக்கு டவுன் பஸ், எங்கள் இருவருக்கும் இலவசம். 2021லிருந்து இருக்கிற வசதிதான், ஆனாலும் அக்கா ஒவ்வொரு தடவையும் அந்த டிக்கெட்டைப் பர்ஸில் பத்திரமாக மடித்து வைக்கிறார். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டுமே."

லாட்ஜில் ஆதார், அப்புறம் ஓ.டி.பி. அறை அக்கா பெயரில், ஓ.டி.பி. போனது பெங்களூருக்கு. மகன் மீட்டிங்கில். இருபது நிமிஷம் வரவேற்பறைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மேசைப் பையன் என்னிடம் ஏதோ கேட்டான், அக்கா பதில் சொன்னார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் உதட்டைப் பிரிக்காமல்தான் பேசுகிறார்கள்.

சாயங்காலம் பேரருவி. தண்ணீர் நல்ல வேகம், ஆனால் குளிக்க விட்டார்கள். மலைமேல் எங்கேயோ பெய்யும் மழை இங்கே சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் அப்படி வந்த வெள்ளம் ஒரு பள்ளிப் பையனைக் கொண்டுபோனது. போலீஸ்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பெண்கள் பக்கத்தில் நின்ற காவலர் பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். "பாட்டி, கம்பியைப் பிடிச்சுக்கோங்க, பாட்டி அந்தப் பக்கம் வழுக்கும், பாட்டி" என்று ஒரே பாட்டி மயம். நான் கம்பியைப் பிடிக்காமல் நாலு அடி நடந்து காட்டினேன். ஐந்தாவது அடிக்குப் பிடித்துக்கொண்டேன்.

மேலிருந்து வருகிற தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதியில் பொங்குமாகடல் என்ற பாறைக் கிடங்கில் விழுந்து, அங்கே நிரம்பிப் பொங்கி, அப்புறம்தான் கீழே வருகிறது. அப்படி வந்தே முதுகில் அடிக்கிற அடி, அம்மா எண்ணெய் தேய்த்து அடித்த அடி மாதிரி இருந்தது. அக்கா உள்ளே புகுந்து, முக்காட்டை எடுத்துவிட்டு, வெள்ளை முடி நெற்றியில் ஒட்ட, வாயைத் திறந்துகொண்டு நின்றார். முட்டி வலியாவது ஒன்றாவது.

ஒன்று கவனித்தேன். அருவிக்கரையில் எல்லாரும் நன்றாகப் பேசுகிறார்கள். யாரைப் பார்த்தாலும் கத்துகிறார்கள், ஒவ்வொரு சொல்லும் மணி மணியாகக் காதில் விழுகிறது. சென்னைக்காரர்களும் இப்படிப் பேசினால் என்ன?

ராத்திரி அறையில் மாத்திரைப் பெட்டிகளைத் திறந்தோம். அவருக்கு ஏழு, எனக்கு நாலு. அவர் பெட்டியில் திங்கள் செவ்வாய் என்று எழுதியிருக்கிறது, என்னுடையது வெறும் பழைய அல்வா டப்பா. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு மாத்திரை, பி.பி.க்கு. அக்கா அதைப் பார்த்ததும் சொந்தக்காரியைப் பார்த்தது போல் சந்தோஷப்பட்டார்.


மூன்றாம் நாள், குற்றாலம்

இன்று நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று மதியம் வரை யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

விடிகாலையில் கூட்டம் இருக்காது என்று அக்கா ஐந்து மணிக்கே அருவிக்குக் கிளம்பினார். எனக்குத் தூக்கம். "நீ தாழ்ப்பாளைப் போட்டுக்க, நான் வந்து பெல் அடிக்கேன்" என்றார். போட்டுக்கொண்டு, வலது பக்கமாகத் திரும்பிப் படுத்தேன்.

எழுந்தபோது மணி ஏழு. நல்ல பசி. காப்பி சொல்லலாம் என்று கதவைத் திறந்தால் வெளியே ஒரு கல்யாணக் கூட்டம். லாட்ஜ் மேனேஜர், அறைப் பையன், பக்கத்து அறை விருதுநகர்க் குடும்பம், அவர்கள் குழந்தைகள். கையில் கடப்பாரை மாதிரி ஒன்றோடு ஒரு ஆள். விருதுநகர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

கிழவி ஒருத்தி முக்கால் மணி நேரம் கதவைத் திறக்கவில்லை என்றால் ஊர் வேறு எதை நினைக்கும்?

மாடிப்படியில் ஈரப் புடவையோடு, தோளில் ஒரு துண்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் கூடை. அக்கா மட்டும் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே அந்த ஆளிடம் சொன்னார்: "நாந்தான் அப்பமே சொன்னம்லா. அவ தூங்குதா. ஒண்ணும் ஆயிருக்காது, வலது காது தலையணைக்குள்ள இருக்கும்."

எல்லாரும் கலைந்த பிறகு, அக்கா ஈரப் புடவையை மாற்றியதும், அறைப் பையன் கொண்டுவந்த காப்பியைக் குடித்தபடி நான்தான் ஆரம்பித்தேன். பெல் வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்றேன். அக்கா எதுவும் சொல்லாமல் எழுந்து வெளியே போய், கதவைத் திறந்து வைத்தபடியே பட்டனை அழுத்தினார். விரல் பட்டனில் இருப்பதைப் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார். எதிரே சன்னல் விளிம்பில் இருந்த காக்கை பறந்துபோனது.

"அடிக்குதா?" என்றேன்.

"அடிக்குது. வீட்டுல உள்ளது மாதிரியே குருவிச் சத்தம்."

வலது காதை அந்தப் பக்கம் திருப்பினேன். எங்கேயோ தூரத்தில், கீச்சென்று, நூல் மாதிரி ஒன்று. இடது காதைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை.

"எத்தனை நாளா தெரியும்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். மொதல்ல நீ பாத்ரூம்ல இருக்கேன்னு நெனைப்பேன். ஒரு நா ஜன்னல் வழியாப் பார்த்தா ஹால்லயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்க. நாலாவது தடவைக்குத் தலையைத் தூக்குத."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ சண்டைக்கு வருவியே."

வந்திருப்பேன். அதில் சந்தேகம் இல்லை. செருப்பு ஸ்டாண்ட் விஷயத்துக்கே அசோசியேஷன் மீட்டிங் வரை போனவள் நான். காது கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால், அதுவும் என்னிடம், ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று நிமிஷம் முடிந்தது, இன்னும் பேசுகிறீர்களா என்று ஊரையே கேட்டுக்கொண்டிருந்தவளிடம்!

அப்புறம் நாள் முழுவதும் பழைய கணக்குகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பரம் அறிவிப்பு. ரயில் குறட்டை. உதட்டைப் பிரிக்காத வரவேற்பறைப் பையன். பால்கனிக்கு இப்போதெல்லாம் குருவிகளே வருவதில்லை, செல்போன் கோபுரத்தால்தான் என்று போன மாதம்கூடக் கீழ் வீட்டுக்காரரிடம் அடித்துப் பேசினேன். வயதானால் காது ஒரேயடியாக மூடுவதில்லை, மெல்லிய கீச்சுக் குரல்கள்தான் முதலில் போகும், கனத்த சத்தம் கடைசி வரை நிற்கும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ரிடையர் ஆன சிநேகிதிகளுக்கு நானே விளக்கியிருக்கிறேன். அருவி கேட்கும், ரயில் கேட்கும், குருவி கேட்காது.

சாயங்காலம் குற்றாலநாதர் கோயில். சங்கு வடிவத்தில் கட்டிய கோயில். விஷ்ணுவாக நின்றவரை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்தி லிங்கமாக்கினார் என்பது கதை, அந்தத் தலைவலி தீர இன்றும் தைலம் சாத்துகிறார்கள். அக்கா தைலத்தை வாங்கி என் இடது காதுக்குப் பின்னால் தடவிவிட்டார். அது தலைவலிக்குத்தானே என்றேன். "எல்லாம் பக்கத்துல பக்கத்துலதான இருக்கு" என்றார். வெளியே வந்து மங்குஸ்தான் வாங்கினோம். அக்கா பேரம் பேசினார். கடைக்காரர் சொன்ன விலை எனக்குக் கேட்டது, அக்கா கேட்ட விலையைக் கேட்டுத்தான் வெட்கமாக இருந்தது.


நான்காம் நாள், தென்காசி

சுருக்கமாக. சாயங்காலம் ரயில்.

காலையில் கடையம் போவதாக இருந்தது. அக்கா கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டார். வீட்டை வாங்கியவர்கள் இடித்துக் கட்டிவிட்டார்களாம், வேப்ப மரமும் இல்லையாம். "இங்க இருந்தே மலையைப் பார்த்தாப் போதும்." நான் வற்புறுத்தவில்லை.

காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனோம். ஒன்பது நிலைக் கோபுரம். பழைய கோபுரம் சிதைந்து பல காலம் மொட்டையாக நின்றதை அக்கா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். இப்போதிருப்பது 1990ல் கும்பாபிஷேகம் ஆனது. வாசலில் நுழையும்போது காற்று எதிரே வந்து நெஞ்சைப் பிடித்துத் தள்ளுகிறது, இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் அதே காற்று முதுகைப் பிடித்து உள்ளே தள்ளுகிறது. முன்னால் போன ஒரு மாமியின் முந்தானை இரண்டு பக்கமும் பறந்ததைப் பார்த்துப் பத்து நிமிஷம் அங்கேயே நின்றோம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு பாட்டு வெட்டி வைத்திருக்கிறான். பின்னால் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால், வந்து அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவரை இப்போதே வணங்கிவிட்டேன் என்கிறான். ராஜாவாக இருந்தாலும் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. அக்காவிடம் இதைச் சொன்னேன். "சாவி என்றதும் ஞாபகம் வருது, மோட்டாரை நிறுத்திட்டு வந்தியா?" என்றார்.

திரும்பும் ரயிலில் கீழ் ஒன்று, மேல் ஒன்று. ஒரு கல்லூரிப் பெண் தன் கீழ்ப் படுக்கையை எனக்குக் கொடுத்தாள். இரண்டு தடவை கேட்டாளாம், நான் பதிலே சொல்லவில்லையாம். அக்கா அவளிடம் ஏதோ சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பெண் என் பக்கத்தில் குனிந்து நிதானமாகப் பேசினாள். எனக்குக் கோபம் வந்தது. படுக்கையை வாங்கிக்கொண்டேன்.


வீடு திரும்பி மூன்றாம் நாள், குரோம்பேட்டை

காது டாக்டரிடம் அடுத்த வாரம் நேரம் கிடைத்திருக்கிறது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே டிக்கெட் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள்.

இன்று எலக்ட்ரீஷியன் பையனை வரச் சொல்லிக் குருவியைக் கழற்றினேன். பை நிறைய பெல் கொண்டுவந்திருந்தான். ஒன்றில் சுப்ரபாதம், ஒன்றில் கோயில் மணி, ஒன்றில் குழந்தை சிரிப்பு. அக்கா அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்லி என் முகத்தைப் பார்த்தார். எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் பையின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து, "இதை இப்ப யாரும் வாங்குறதில்ல, பழைய ஸ்டாக்" என்றான். அழுத்தினான். கறுப்பு டெலிபோன் காலத்துக் கனத்த 'ட்ர்ர்ரிங்'. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இடது காதால் கேட்டுப் பார்த்தேன். கேட்டது. கை தானாக ஹெட்போனைத் தேடியது.

மாட்டி முடித்ததும் அக்கா வந்து ஒரே ஒரு தடவை அழுத்தினார். திறந்தேன். பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார், விளையாட்டுப் பக்கம் முன்னால்.

மடிப்பைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்தார். மத்தியானம் தூங்குகிற நேரமாம். தூக்கிவாரிப் போட்டதாம். "என்ன மேடம் இது, தீயணைப்பு வண்டி மாதிரி? அசோசியேஷன்ல சொல்லணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் வாசல் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "சொல்லும் வேய். நாங்க ரெண்டு பேரும் வாரோம்."